அந்தப் பக்கத்து அக்கா

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த அந்தப் பெண்ணுக்கு ஓர் அக்கா உண்டு. கூடப் பிறந்தவள் இல்லை. நேரில் பார்த்ததுகூட இல்லை. கிழக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் வரும் முதல் பெரிய ஊரின் எக்ஸ்சேஞ்சில் அவளும் இதே வேலைதான் பார்த்தாள். இங்கிருந்து ஒரு டிரங்க் கால் கிழக்கே போக வேண்டுமென்றால் இவள் அவளைக் கூப்பிட வேண்டும். அங்கிருந்து வர வேண்டுமென்றால் அவள் இவளைக் கூப்பிட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவள் பிளக்கைத் தவறான துளையில் செருகி, ஒரு சர்க்கரை வியாபாரியைக் கொண்டுபோய்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். அவர் "எத்தனை வந்திருக்கு?" என்று அதட்ட, மறுமுனையில் நர்ஸ் "ரெட்டைங்க, ரெண்டும் பொண்ணு" என்றாள். இவள் அவசரமாகப் பிளக்கைப் பிடுங்கினாள். கிழக்கே இருந்த குரலோ விழுந்து விழுந்து சிரித்தது.

"பயப்படாத தங்கச்சி. நான் சேர்ந்த புதுசுல ஒரு மந்திரியக் கொண்டுபோய்க் கசாப்புக் கடையில விட்டேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க."

அன்றிலிருந்து அக்கா, தங்கச்சி. இரண்டு பக்கத்துக்கும் மொழி ஒன்றுதான். கோடு கிழித்தவர்கள் மொழியைக் கேட்டுக்கொண்டு கிழிக்கவில்லை. லைன் சும்மா இருக்கும்போது அக்கா தன் முழங்கால் வலியைச் சொல்வாள், வளர்க்கும் பூனையின் திமிரைச் சொல்வாள், புருஷன் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டதென்று சொல்வாள். காலையில் போர்டில் முதல் விளக்கு எரிந்ததும், "என்ன தங்கச்சி, உயிரோட இருக்கியா?" என்றுதான் தொடங்குவாள். போர் வந்த பிறகு அந்தக் கேள்வியை அவளாகவே விட்டுவிட்டாள்.

போர் கிழக்கு நாட்டுக்கும் மேற்கு நாட்டுக்கும் இடையில். நடுவில் கிடந்தது இவளுடைய நாடு. நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை என்று அரசாங்கம் ரேடியோவில் சொன்னது. ஊரில் எல்லோருக்கும் அதில் ஒரு பெருமை. சவரக்கடையில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் நல்லவேளை, நல்லவேளை என்றார்கள். அவள் கணவன் ரயில் பாதையோரத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தண்ணீர் பம்பு செய்யும் இடம் அது. "அவனுங்க அடிச்சிக்கட்டும். நாம நம்ம பம்பைப் பாப்போம்" என்பான். எதற்கும் பதறாத மனிதன். வீட்டுக் குழாய் ஒழுகினால் மட்டும் பதறுவான், ஊர்க் குழாயையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டில் ஒழுகுகிறது என்று யாராவது சிரித்துவிடுவார்களே என்று.

முதல் வருஷம் அப்படிப் போனது. பிறகு கப்பல்கள் வரவில்லை. கிழக்கோடு வியாபாரம் செய்தால் கப்பலை விடமாட்டோம் என்றது மேற்கு. மேற்கோடு செய்தால் மூழ்கடிப்போம் என்றது கிழக்கு. மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது, பிறகு மருந்துக்கு, பிறகு சோப்புக்கு. பம்பு செய்ய இரும்பு இல்லாமல் ஒர்க்‌ஷாப் மூடிக் கிடந்தது. ஒருநாள் லாரியில் பித்தளைக் கம்பிகள் வந்து இறங்கின. கூடவே ஓர் ஆர்டர்: உள்ளங்கை அளவில், மரை வைத்த மூடிகள். எதற்கு என்று கேட்டவர்களிடம் முதலாளி, "மூடிதானே, மூடுறதுக்கு" என்றார். யாரும் மேலே கேட்கவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் ஆலைக்குப் போனாள். வயது பதினேழு ஆகியும் வீட்டில் அவள் பாப்பாதான். முன்வரிசை மிஷின்களில் மேற்குக்காரர்களுக்குச் சட்டை, பின்வரிசை மிஷின்களில் கிழக்குக்காரர்களுக்கு.

"துணி ஒண்ணுதாம்மா, நூல் ஒண்ணுதான். பொத்தான் மட்டும் வேற" என்று வந்து சொன்னாள்.

"மாத்திக் கீத்தித் தச்சிடாத. அப்புறம் அவன் ஆளையே அவன் சுட்டுக்கப் போறான்" என்றான் ஃபிட்டர். மூவரும் சிரித்தார்கள். அப்போது இன்னும் சிரிக்க முடிந்தது.

எக்ஸ்சேஞ்சில் வேலை இரட்டிப்பானது. இரண்டு எதிரி நாடுகளுக்கும் இடையில் நேர் லைன் அறுந்துவிட்டதால், அங்கே பெண் கொடுத்தவர்கள், இங்கே பெண் எடுத்தவர்கள் எல்லாரும் இந்த ஊர் வழியாகத்தான் பேச வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிஷம். ஊர் பேர் சொல்லக் கூடாது, ராணுவத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது, மழை பெய்கிறதா என்றுகூடக் கேட்கக் கூடாது. மேகம் இருக்கிறதா இல்லையா என்பது விமானக்காரனுக்குத் துப்பாம். இரண்டு முனையிலும் அதிகாரிகள் ஒட்டுக்கேட்பார்கள். இங்கே சூப்பர்வைசர் கடிகாரத்தோடு பின்னாலேயே நடப்பார். பெண்கள் அவருக்கு 'மூணு நிமிஷம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும்.

மேற்கே ஒரு தாயும் கிழக்கே கட்டிக்கொடுத்த அவள் மகளும் மாதம் ஒருமுறை பேசுவார்கள். "சாப்பிட்டியா?" என்பாள் தாய். "சாப்பிட்டேம்மா. நீ சாப்பிட்டியா?" என்பாள் மகள். "சாப்பிட்டேன். நிஜமா சாப்பிட்டியா?" மூன்று நிமிஷமும் இதுவேதான். கடைசியில் இரண்டு பேரும் அழுவார்கள். லைனைப் பிரிக்க இவளுக்குக் கை எழாது. அந்தப் பக்கத்து அக்காதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ பிரி தங்கச்சி, எனக்கு ஆகல" என்பாள்.

இரண்டாம் வருஷக் கடைசியில் மேற்கு நாடு இவர்களிடம் ஒரு விமானத் திடலைக் கேட்டது. சண்டைக்கு இல்லை, எண்ணெய் போட்டுக்கொள்ள மட்டும். கொடுத்தால் தானியக் கப்பல் வரும், கொடுக்காவிட்டால் வராது. அரசாங்கம் கொடுத்தது. ரேடியோ அதைப் பற்றி மூச்சு விடவில்லை. திடல் ஊரின் விளிம்பிலேயே இருந்ததால் யாருக்கும் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கடைகளுக்கு மாவு வந்தது. ஜனங்கள் வானத்தைப் பார்க்காமல் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள்.

எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். "விமானம்ங்கற வார்த்தை யார் வாயிலயும் வரக் கூடாது. வந்தா வேலை மட்டும் போகாது. புரியுதா?"

ஒரு காலை. அவள் வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே விமானங்கள் எழும்பின. வழக்கம்போல் ஒன்றிரண்டு அல்ல. கூட்டம் கூட்டமாக, கூரைகள் அதிர, வெயிலை மறைத்துக்கொண்டு கிழக்கே திரும்பின. பால்காரன் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான். பிறகு அவள் பார்ப்பதைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டு மிதித்துப் போய்விட்டான்.

அவள் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்ததும் கிழக்கு விளக்கு எரிந்தது.

"தங்கச்சி, மேற்க ஒரு கால் இருக்கு, எழுதிக்கோ. இரு, ஜன்னலைச் சாத்திட்டு வரேன். எதுத்த ஸ்கூல்ல இன்னைக்கு ஓட்டப்பந்தயம். பிள்ளைங்க போடற சத்தத்துல ஒண்ணும் காதுல விழல."

அவள் எழுதவில்லை. பென்சில் கையிலேயே இருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. மைதானம் நிறையப் பிள்ளைகள், யார் பெயரையோ சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எழுந்து கீழ போங்க" என்றாள்.

"என்னது?"

"கீழ் அறை ஏதாச்சும் இருந்தா அங்க போங்க. இப்பவே. அந்தப் பிள்ளைங்களையும் உள்ள கூப்பிடச் சொல்லுங்க."

"ஏன்? உனக்கு எப்படி..." அக்கா நிறுத்தினாள். பிறகு மிக மெல்ல, "உங்க பக்கத்துலேர்ந்தா வருது?" என்றாள்.

ஆமாம் என்றால் நாட்டைக் காட்டிக்கொடுத்தது. இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் நிற்பார்கள்.

"போங்கக்கா" என்றாள் மறுபடியும்.

"சரி. சரிம்மா. நீ லைனை வச்சிடு."

அவள் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகப்படும் ஓசை கேட்டது. அக்காவின் குரல் ஆபீஸ் குரலாக மாறியிருந்தது. "ஹலோ, ஸ்கூலா? எக்ஸ்சேஞ்சிலேர்ந்து பேசறேன், பிள்ளைங்களக் கீழ் அறைக்குக் கொண்டுபோங்க. ஒத்திகை இல்ல சார், நிஜம்." பிறகு ஆஸ்பத்திரி. பிறகு மார்க்கெட். பிறகு ரயில் நிலையம். யாரோ நம்ப மறுத்திருக்க வேண்டும், அக்கா அதட்டினாள். பிறகுதான் அபாயச் சங்கு ஊதியது. அக்கா எழுந்து போகும் ஓசை எதுவும் வரவில்லை. இன்னொரு பிளக் செருகும் ஓசைதான் வந்தது. அதற்குப் பிறகு பெரிய துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். விளக்கு அணைந்துவிட்டது.

பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கையை நீட்டிப் பிளக்கை அவரே பிடுங்கினார்.

"கிழக்கு லைன் கோளாறு. யாரும் தொட வேண்டாம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு அவள் பக்கம் குனிந்து, "போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்கம்மா. என்ன பேசினீங்கன்னு எனக்குக் கேக்கல" என்றார்.

அன்று சாயங்காலம் கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் கைகழுவிக்கொண்டிருந்தான். சோப்பு இல்லாததால் சாம்பலைப் போட்டு நகக்கண்ணில் இருந்த பித்தளைத் தூளைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். தேய்ப்பதை நிறுத்தினான்.

"நல்லதுதான் பண்ணின" என்றான். கையைத் துடைத்துக்கொண்டே, "நான் செய்யற மூடி குண்டுக்கு மூடின்னு எனக்கு எப்பவோ தெரியும். கேட்டாத்தான் தெரிஞ்ச மாதிரி ஆகும்னு கேக்காம இருந்தேன்" என்றான்.

"போகாம இருந்திடுங்களேன்."

"போகலன்னா அடுப்பு எரியணுமே. யோசிப்போம்."

யோசிக்க அவனுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. விமானங்கள் எங்கிருந்து வந்தன என்று கிழக்கு நாட்டு ரேடியோ உலகத்துக்கே சொன்னது. எண்ணெய் மட்டும்தான் ஊற்றினோம் என்றது இவர்களுடைய ரேடியோ. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு நடுப்பகலில் கிழக்கேயிருந்து பதில் வந்தது.

அவள் போர்டின் முன்னால் இருந்தாள். சுவர் நடுங்கியது. அடுத்த கணம் போர்டில் இருந்த விளக்குகளெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. திருவிழாக் கூட்டம்போல ஊரே மொத்தமாக அவளைக் கூப்பிட்டது. ஒரு பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். சூப்பர்வைசர் கடிகாரத்தை மேஜையில் போட்டுவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி, தீயணைப்பு, ஆஸ்பத்திரி, தண்ணீர் வாரியம், மறுபடி ஆஸ்பத்திரி. அவள் கைகள் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. கண் மட்டும் மூன்றாம் வரிசையின் ஓரத்துக்கே போய்ப் போய் வந்தது. ரயில் பாதையோரத்து ஒர்க்‌ஷாப்பின் விளக்கு எரியவில்லை. அவளே அதைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடிக்கவே இல்லை. பிளக்கை எடுத்து அடுத்த விளக்குக்குச் செருகினாள். இருட்டும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தெரிந்துவிடும் என்று இருந்தது.

ஃபிட்டரை அவன் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். வார் அறுந்த இடத்தில் கம்பி போட்டு அவனே இறுக்கியிருந்தான். வேறு எவனும் செருப்பில் கம்பியை அப்படி அழகாகத் திருக மாட்டான்.

மறுநாளே அரசாங்கம் போரை அறிவித்தது. நம்மீது திணிக்கப்பட்ட போர் என்றது. தெருவில் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். நல்லவேளை நல்லவேளை என்றிருந்த அதே வாய்கள் பழிக்குப் பழி என்றன. ஆலையில் பின்வரிசை மிஷின்களையும் மேற்குப் பொத்தானுக்கு மாற்றினார்கள். பாப்பா அழுது முடித்துவிட்டுக் கண் சிவக்க மிஷினில் உட்கார்ந்தாள். "அங்க ஒருத்தரும் மிஞ்சக் கூடாதும்மா. எல்லாரும் சாகணும்" என்றாள். தாய் மகளின் தலையைத் தடவினாள்.

எக்ஸ்சேஞ்சை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஆபரேட்டர் பெண்களை ஆஸ்பத்திரிச் சலவைக்கு அனுப்பினார்கள். போகும் நாளன்று சூப்பர்வைசர் வாசல்வரை வந்தார்.

"நீங்க சொன்னதாலதான் வந்தாங்கன்னு நினைச்சுக்காதீங்க. அந்தத் திடல் அவங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"நிஜமாவா சார்?"

"நிஜமாத்தான்" என்றார். ஆனால் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் தெரியாது என்று அவளுக்குப் புரிந்தது. அவரை அவள் குறைசொல்லவில்லை. அதைவிட நல்லதாகச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

போர் இன்னும் சில வருஷம் நடந்தது. அவள் ரத்தத் துணிகளை வெந்நீரில் அலசினாள். கை தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்தது. ஒவ்வொரு நாளும் மனசுக்குள் ஒரு தராசு ஏறி இறங்கியது. ஒரு தட்டில் மைதானத்துப் பிள்ளைகளின் சத்தம், இன்னொரு தட்டில் சாம்பல் போட்டுக் கை தேய்த்துக்கொண்டு நின்ற மனிதன். எந்தத் தட்டையும் அவளால் கீழே வைக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்களா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

பிறகு போர் ஓய்ந்தது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் மேற்கு நாடு என்றார்கள். இவர்களும் ஜெயித்தவர்களோடு சேர்த்தியாம். ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் எருக்கு முளைத்திருந்தது. எக்ஸ்சேஞ்சைத் திருப்பிக் கொடுத்தபோது பழைய ஆபரேட்டர்களைத் தேடினார்கள். நால்வர்தான் மிஞ்சியிருந்தார்கள். அவள் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கிழக்கு லைனைப் புதிதாக இழுத்து முடித்த அன்று, சோதித்துப் பார்க்க அவளையே கூப்பிடச் சொன்னார்கள். மறுமுனையில் எடுத்தது ஓர் இளம் குரல். குரலில் ஈரமே இல்லை.

"சொல்லுங்க."

லைன் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வைக்காமல், அங்கே முன்பு இருந்த அக்காவைப் பற்றிக் கேட்டாள். பெயர் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்ததால் நாக்கு தடுமாறியது.

"அவங்க இறந்துட்டாங்க. நீங்க முதல்முதலா வந்து குண்டு போட்டீங்களே, அன்னைக்கு." 'நீங்க' என்ற சொல்லை அந்தப் பெண் அழுத்தித்தான் சொன்னாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, கேட்கப்படாமலே தொடர்ந்தாள். "கடைசி வரைக்கும் நாற்காலியவிட்டு எழுந்திரிக்கலயாம். எதுத்த ஸ்கூலுக்குப் போன் போட்டது அவங்கதான். வாத்தியாருங்க எங்களையெல்லாம் கீழ் அறைக்கு விரட்டினாங்க. மேல இருந்த கட்டடம் இல்லாமப் போச்சு, நாங்க இருந்தோம். அவங்களுக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

அவள் வாயைத் திறந்தாள். சொல்லலாம்தான். இப்போது அதற்குத் தண்டனை இல்லை. ஆனால் அது அக்காவின் கணக்கில் இருக்கட்டும் என்று தோன்றியது.

"நீ அங்கதான் படிச்சியாம்மா?"

"ஆமா. அன்னைக்கு நான் ஓட்டப்பந்தயத்துல இருந்தேன்" என்றாள் அந்தப் பெண். "வேற ஏதாச்சும் இருக்கா? லைனை வச்சிடவா?"

"வச்சிடும்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். விமானம் போனதை, அக்காவிடம் சொன்னதை, அவள் அப்பாவுக்கு அது தெரியும் என்பதை. பாப்பா கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது.

"நீ சொல்லாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரா?"

"தெரியல பாப்பா."

"தெரியலன்னா என்னம்மா அர்த்தம்? இருந்திருப்பாரா, மாட்டாரா?"

"இத்தனை வருஷமா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். பல நாள் அவள் தாயோடு பேசவில்லை. ஆலைக்குப் போனாள், வந்தாள், தன் பாயைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுப் படுத்தாள். தாய் கூப்பிடவில்லை. கூப்பிடும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு ஒரு விடுமுறை நாள். இரண்டு பேரும் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரப் போர்வையின் ஒரு முனையைத் தாயும் இன்னொரு முனையை மகளும் பிடித்து முறுக்கினார்கள். அதற்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை. முறுக்கிக்கொண்டிருக்கும்போதே பாப்பா கேட்டாள்.

"அந்த ஸ்கூல்ல எத்தனை பிள்ளைங்கம்மா இருந்தாங்க?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாம்ல?"

"தோணல பாப்பா."

"கேட்டிருக்கணும்மா" என்றாள் மகள். குரல் உடைந்தது. "எனக்கு அது தெரியணும். எத்தனைன்னு தெரியணும்."

முறுக்கிய போர்வை அவிழ்ந்து தரையில் விழுந்தது. தாய் அதைக் கடந்து போய் மகளைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு லைன் கிடைத்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். பாப்பா தலையாட்டினாள். அழுகை நிற்கவில்லை.